ஆர்வெல்லா, ஹக்ஸ்லியா? என் ஓட்டு பிராட்பரிக்கு

இருண்ட எதிர்காலத்தைச் சொல்லும் நாவல்கள் என்று பேச்சு வந்தாலே ஆர்வெல்லின் ‘1984’ பெரிதா, ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ பெரிதா என்றுதான் சண்டை போகும். ஒன்றில் பயத்தைக் காட்டி ஆள்கிறார்கள், மற்றதில் சுகத்தைக் கொடுத்து ஆள்கிறார்கள். ஊரே ஒரே மாதிரி ஆகிப்போவது எப்படி என்ற கேள்விக்கு மட்டும் இரண்டிலும் பாதி பதில்தான் இருக்கிறது.

1949-ல் வந்த ‘1984’-ல், காலை உடற்பயிற்சியில் ஏனோதானோவென்று குனிந்ததற்கே டெலிஸ்கிரீன், அதாவது நம்மையே வேவு பார்க்கும் டி.வி., கதாநாயகன் வின்ஸ்டனை "6079 ஸ்மித்" என்று எண் சொல்லி அதட்டுகிறது. எல்லோரும் சொல்லும் இடம் இது. எனக்கு அதைவிட வயிற்றைக் கலக்கியது வின்ஸ்டனின் பக்கத்து வீட்டுக்காரர் பார்சன்ஸ்தான். தூக்கத்தில் அவர் நாட்டை ஆளும் தலைவரான பெரியண்ணனுக்கு எதிராக உளறியதைச் சாவித் துவாரம் வழியாகக் கேட்டுப் போட்டுக்கொடுத்தவள் அவருடைய ஏழு வயது மகள், அந்த மனுஷன் சிறைக்குள் உட்கார்ந்துகொண்டு என்ன பிள்ளை வளர்த்திருக்கிறேன் பார் என்று பெருமைப்படுகிறார். ஆனால் இந்தக் கெடுபிடியெல்லாம் பெரும்பாலும் ஆளும் கட்சிக்காரர்களுக்குத்தான். மக்கள்தொகையில் 85 சதவீதமான பாட்டாளிகளை லாட்டரி, பீர் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஹக்ஸ்லி (1932) பக்கம் வந்தால், எட்டு மாதக் குழந்தைகளைப் பூக்களையும் புத்தகங்களையும் நோக்கித் தவழவிட்டு, தொட்டதும் சைரனை அலறவிட்டு ஷாக் கொடுக்கிறார்கள். அப்புறம் ஆயுசுக்கும் புத்தகம் என்றாலே ஆகாது. இதுதான் நடக்கப்போகிறது என்று 1949-ல் ஆர்வெல்லுக்கே கடிதம் எழுதியவர் ஹக்ஸ்லி. இருக்கட்டும், அந்த நாவலில் யாரும் தாய் வயிற்றில் பிறப்பதில்லை, கருவிலிருந்தே போத்தலில் வளர்த்தெடுத்த ஜனங்கள் வேறு எப்படி இருப்பார்கள்? அவர்களைப் படிக்கும்போது, இது நம்மைச் சொல்லவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடலாம்.

பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) அந்த நிம்மதியைத் தருவதில்லை. புத்தகம் எரிக்கும் படையின் தலைவன் பீட்டி, இதை அரசாங்கம் ஆரம்பிக்கவில்லை, ஜனங்கள் தாங்களாகவே படிப்பதை விட்டார்கள், ஆளாளுக்கு ஏதோ ஒரு வரி உறுத்தியது, தீ பிறகுதான் வந்தது என்கிறான். அவன் சொல்வதை முழுசாக நம்ப வேண்டியதில்லைதான், ஆனால் அதே படையில் வேலை பார்க்கும் கதாநாயகன் மான்டாக்கின் மனைவி மில்ட்ரெட்டைப் பாருங்கள். மூன்று சுவரில் டி.வி. ஓடுகிறது. நாடகத்தில் அவளுக்கும் ஒரு பாத்திரம் உண்டு, திரையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் "நல்ல யோசனை" என்கிற மாதிரி ஒரு வரி சொல்லவேண்டும், அவ்வளவுதான். நாலாவது சுவருக்கும் வேண்டும் என்கிறாள், விலை 2,000 டாலர், கணவனுடைய வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. யாரும் மிரட்டவில்லை, ஊசி போடவில்லை. கடைசியில், வீட்டில் புத்தகம் ஒளித்துவைத்த கணவனைக் காட்டிக்கொடுப்பவர்களில் அவளும் ஒருத்தி.

இதிலும் ஓட்டை இருக்கிறது. போர் வந்து, நகரத்தின் மேல் குண்டு விழுந்து எல்லாம் தரைமட்டம். மில்ட்ரெட் மாதிரி ஆட்களோடு சேர்ந்து வாழ்வது எப்படி என்ற கேள்வியை பிராட்பரி அங்கேயே கைகழுவிவிட்டார்.