காலையில் தோள் சாயும் கேரவன்: ஏர் சஸ்பென்ஷனோடு சில வருடம்

பஸ் சேஸியில் கட்டிய பழைய கேரவன் ஒன்று விலைக்கு வருகிறது, ஏர் சஸ்பென்ஷன் வண்டி (ஸ்பிரிங்குக்குப் பதில் பெல்லோஸ் என்ற காற்றடைத்த ரப்பர் பைகள் தாங்குவது), எடுக்கலாமா என்று குன்னூர் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கான பதில் இது.

சவாரியைக் குறை சொல்ல வாயில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அலமாரியில் பாத்திரம் உருளாது. கோபமெல்லாம் ஒன்றில்தான்: ராத்திரி நேராக நிறுத்திய வண்டி காலையில் ஒரு தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "பெல்லோஸ் போச்சு சார், நாலையும் மாத்திடலாம்" என்பார்கள். மாற்றுவார்கள். மறுபடி சாயும்.

முதலில் கசிவே இல்லாத சாய்வைக் கழித்துவிடுங்கள். நீலகிரியில் சமதளம் கிடைப்பதே அபூர்வம். கொத்தனார் ட்யூப் மட்டம் வைத்துத் தரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது குளிர். மாலை 20 டிகிரி, உறைபனி விடியலில் 2 டிகிரி என்றால் பெல்லோஸுக்குள் இருக்கும் காற்று சுமார் 6 சதவீதம் சுருங்கும். நாலு மூலையும் ஒரே சீராக ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கும். கம்ப்ரஸர் காற்றைச் சேர்த்து வைக்கும் டாங்கியில் 8 பார் காட்டிய மீட்டர் அரை பார் குறையும். இதற்காக யாரும் ஸ்பானரைத் தொட வேண்டாம்.

அதற்கு மேல் இறங்கினால்தான் வேலை. காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் ட்ரையர் புஸ்ஸென்று காற்றை விடும் வரை இன்ஜினை ஓட்டி, அணைத்து, நாலு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து மேலே பாடியின் சக்கர வளைவு விளிம்பு வரை அளந்து சாக்பீஸால் எழுதிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை மறுபடி அளக்கவும். மீட்டர் விழுந்து பாடி நின்றால் குற்றவாளி டாங்கிப் பக்கம்: ட்ரையர், பிரேக் லைன். மீட்டர் நின்று பாடி விழுந்தால், உயரத்துக்கு ஏற்ப பெல்லோஸில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் லெவலிங் வால்விலோ அதற்கு அப்பாலோ.

ஏமாறுகிற இடம் இதுதான். இத்தகைய சேஸிகளில் பெரும்பாலும் பின்னால் இரண்டு லெவலிங் வால்வு, முன்னால் ஒன்றே ஒன்று. முன் பெல்லோஸ் இரண்டும் அந்த ஒன்றின் வழியாக ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அதனால் பின்-இடது கசிந்தால் முன்-இடதும் கூடவே தாழும். அங்கிருந்த காற்று வலது பக்கம் போய்விடும். கண்ணுக்கு முன்னால் தெரிவதால் முன்-இடது பெல்லோஸை மாற்றுவார்கள். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

அடியில் போகும் முன் சேஸிக்கு இரும்பு ஸ்டாண்டோ, தடித்த கற்பூர மர (யூகலிப்டஸ்) கட்டையோ கொடுங்கள். காற்றை மட்டும் நம்பித் தலையை நீட்டக் கூடாது. அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் தேய்க்கும் திரவம், ஒரு பெயின்ட் பிரஷ். தடவிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். சின்னக் கசிவு உடனே குமிழி விடாது, வெள்ளை நுரையாக மெதுவாகப் பூக்கும். பெல்லோஸை வழக்கமான உயரத்தில் பார்த்தால் போதாது, கொஞ்சம் தூக்கினால்தான் மடிப்புக்குள் இருக்கும் வெடிப்பு வாய் திறக்கும். ரப்பருக்குள் நூல் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். பஞ்சர் பேட்ச் இங்கே ஆகாது.

லெவலிங் வால்வை அச்சோடு இணைக்கும் லிங்க் ராடைக் கழற்றி, வால்வின் நெம்புகோலை நடுநிலையில் நிறுத்தி, காற்று வெளியேறும் துளையில் சோப்பு வையுங்கள். குமிழி வளர்ந்துகொண்டே போனால் உள் சீல் போயிற்று.

அதிகம் மாட்டுவது இவை இரண்டும் இல்லை, ட்யூப் முனைதான். ஹாக்ஸா பிளேடால் சாய்வாக அறுத்த நைலான் ட்யூப் கப்ளிங்குக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் (ஓ-ரிங்) சரியாக உட்காராது. பகலில் சமாளிக்கும், குளிரில் ட்யூப் விறைத்ததும் கசியும். காற்றை இறக்கிவிட்டு, ட்யூப் கட்டரால் ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டி, முட்டும் வரை தள்ளி, ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பெல்லோஸ் விலையோடு ஒப்பிட்டால் இது டீச் செலவு.

காலையில் பாடி உயராத வண்டி பத்து மணி வெயிலில் தானாக உயர்ந்தால் அது பெரும்பாலும் கசிவாக இருக்காது, வால்வுக்குள் தண்ணீர் உறைந்திருக்கும். டாங்கிகளைத் தினமும் வடியுங்கள், ட்ரையர் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள்.

இன்னொன்று. பெல்லோஸுக்குக் காற்று தரும் அதே கம்ப்ரஸர்தான் பிரேக்குக்கும். ஊட்டி உயரத்தில் காற்று மெலிசு, டாங்கி நிரம்பவே கூடுதல் நேரம் ஆகும். புரொடெக்‌ஷன் வால்வு பிரேக்குக்குக் கொஞ்சம் காற்றைக் காப்பாற்றி வைக்கும்தான். அதை நம்பி, கசிகிற வண்டியை இறக்கத்தில் விடாதீர்கள்.

ஆக, நண்பரே, எடுக்காதீர்கள். பட்டை ஸ்பிரிங் வண்டி தூக்கிப் போடும், ஆனால் விடியற்காலையில் அளக்கச் சொல்லாது. இவ்வளவு சொல்லியும் என் வண்டியை விற்கிற எண்ணம் எனக்கில்லை என்பது வேறு விஷயம். மனசு கேட்காமல் பார்க்கப் போனால், முந்தின ராத்திரியே நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, விற்பவர் இன்ஜினைத் தட்டுவதற்கு முன்னால் அளவு டேப்போடு போய் நில்லுங்கள்.