கன்னி ஆடா, போயர் கலப்பா?

நெல்லை மாவட்டம் நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் கறிக்கு ஆடு வளர்க்க இறங்குபவர்கள் குழம்புவது இந்த இரண்டில்தான்: நம்மூர்க் கறுப்பினமான கன்னி, அல்லது தென்னாப்பிரிக்கக் கறியினமான போயர் கிடாவுக்குப் பிறந்த கலப்பு.

முதலீடு: கன்னிப் பெட்டை உள்ளூரிலேயே கிடைக்கும். போயர் கிடா விலையில் விளம்பரத்துக்கும் சேர்த்தே கொடுக்கிறோம்.

தீனி: கன்னி கருவேல நெற்றிலும் தரிசு மேய்ச்சலிலும் தேறிவிடும். கலப்புக்குட்டிக்குப் பசுந்தீவனத்தோடு தினம் 200 முதல் 300 கிராம் அடர்தீவனம் (தானியம், புண்ணாக்குக் கலவை) வேண்டும். அது இல்லையென்றால் எடை வித்தியாசமே தெரியாது.

ஈத்து: கன்னி இரட்டைக்குட்டி போடுவது சகஜம். தலை ஈத்துப் பெட்டைக்குப் பெரிய போயர் கிடாவைச் சேர்த்தால் குட்டி பெருத்துப் பிரசவம் சிக்கும். இரண்டாம் ஈத்து முதல் சேருங்கள்.

விற்பனை: மேலப்பாளையம் சந்தையில் கறி எடைக்குத்தான் காசு, "75 சதவீத போயர்" (முக்கால் பங்கு போயர் ரத்தம்) என்ற பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. கோயில் கொடைக்குக் கருங்கிடா தேடுபவர் கன்னியைத்தான் கேட்பார்.

வெள்ளை உடம்பும் செந்தலையும் முதல் கலப்பிலேயே வந்துவிடலாம், ஆகவே நிறத்தை வைத்துச் சதவீதம் சொல்பவரை நம்பாதீர்கள். தாய் தகப்பன் எடைப் பதிவைக் கேளுங்கள். கலப்பு வீரியம், அதாவது இரு இனம் சேர்வதால் குட்டிக்கு வரும் கூடுதல் வளர்ச்சியும் தெம்பும், முதல் தலைமுறையில்தான் உச்சம். கலப்புக் கிடாவையே கலப்புப் பெட்டைக்கு விட்டால் அதில் பாதி போய்விடும். விற்பவர் இதைச் சொல்லமாட்டார், அவருக்கு அடுத்த கிடாவும் விற்கவேண்டுமே!

மேய்ச்சலை நம்பியிருப்பவருக்குக் கன்னி. கிணற்றுத் தண்ணீரும் வேலிமசால் தீவனப்பயிரும் உள்ளவர் கன்னிப் பெட்டைகளை வைத்துக்கொண்டு, 25 பெட்டைக்கு ஒரு போயர் கிடா விட்டு, குட்டிகளை எல்லாம் கறிக்கே விற்கலாம். எதுவானாலும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழைக்கு முன் துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோய்க்கும் தடுப்பூசி போட்டாகவேண்டும்.