மிசௌரி பழைய இரும்புக் கடையில் வாங்கிய காரீயம்

துப்பாக்கிக் குண்டுகளை வீட்டிலேயே வார்க்கும் நான், மிசௌரியிலுள்ள ஒரு பழைய இரும்புக் கடையில் இரண்டு வாளி காரீயச் சக்கர எடைகளை (வண்டிச் சக்கரம் சமநிலையில் சுழல அதன் விளிம்பில் மாட்டும் சிறு எடைகள்) வாங்கினேன். விலை நியாயமாக இருந்தது. கண்ணெதிரே தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள்.

சரக்கைப் பிரிக்காமல் விற்றதுதான் குறை. வாளியின் அடிப்பகுதியில் துத்தநாக எடைகள் கலந்திருந்தன. சிமெண்டுத் தரையில் போட்டால் காரீயம் தொப்பென்று விழும். துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும். காரீயம் சுமார் 327 டிகிரி செல்சியஸிலும் துத்தநாகம் சுமார் 420 டிகிரியிலும் உருகுவதால், வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்தால் துத்தநாகத் துண்டுகள் மிதக்கும்போதே அள்ளிவிடலாம். தவறவிட்டால் அந்தப் பானை உலோகம் முழுவதும் கெட்டுவிடும்.

எவ்வளவு சேர்த்து வைக்கலாம் என்பதற்கு என் கணக்கு இது: ஒரு பவுண்டு 7,000 கிரெயின் என்பதால், 158 கிரெயின் எடையுள்ள குண்டுகள் அதில் 44 கிடைக்கும். வாரம் நூறு குண்டு சுடுபவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 120 பவுண்டு போதும். கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் காரீயச் சக்கர எடைகளைத் தடைசெய்துவிட்டதால் இனி வரத்துக் குறையவே செய்யும். ஆகவே ஐந்தாண்டுத் தேவையான 600 பவுண்டை மிகையென்று நான் கருதவில்லை. அதைக் கட்டிகளாக வார்த்து, குழந்தைகளின் கைக்கெட்டாத, நனையாத இடத்தில் தரையோடு அடுக்க வேண்டும், ஏனெனில் சாதாரண மர அலமாரி அந்தப் பாரத்தைத் தாங்காது. பிரித்தெடுக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு இக்கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.