மீன் தொட்டி ஹீட்டரில் 15,300 ரூபாய் போச்சு, பார்த்து வாங்குங்கள்

செத்துப்போன டிஸ்கஸ் மீன் ஐந்து, ஒன்று 2,500 வீதம் 12,500. ஹீட்டர் 2,800. ஆக 15,300 ரூபாய். நாலு நாளாக இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோவையில் இருக்கிறேன். தொட்டி 5 அடி நீளம், அகலமும் உயரமும் 2 அடி. மணல், கட்டை போக 500 லிட்டர் தண்ணீர் நிற்கும். டிஸ்கஸ் அமேசான் மீன், 28, 29 டிகிரி வேண்டும். மார்கழிக் குளிரில் தண்ணீர் 23க்கு இறங்கியதும் மூலையில் ஒதுங்கி, தீனியைத் தொடவில்லை. லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. 300 வாட்டில் இரண்டு வாங்கத்தான் போனேன்.

ஆறு வருடமாகப் போகிற வண்ணமீன் கடை. "ரெண்டு எதுக்கு தம்பி, கரண்ட் பில்லு எகிறும். 500 வாட் ஒண்ணு போதும், எங்க வீட்டுத் தொட்டியிலயே இதுதான் ஓடுது" என்றார் கடைக்கார அண்ணன். (அதே அளவு சூடாக்க ஒன்றானாலும் இரண்டானாலும் அதே கரண்ட்தான். இப்போதுதான் உறைக்கிறது.) பெட்டியில் தயாரித்தவர் பெயரே இல்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் பையனுக்கு இரண்டு கப்பி மீனைக் கவரில் பிடித்துச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார், அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது? பக்கெட் தண்ணீரில் ஹீட்டரை முக்கிக் காட்டினார், சிவப்பு விளக்கு எரிந்தது. எரிவதைக் காட்டினார், அணைவதைக் காட்டவில்லை.

சனி மாலை கல்யாணத்துக்குப் போய் ஞாயிறு மாலை திரும்பினோம். கதவைத் திறந்ததுமே கவிச்சி. தொட்டிக்குள் கை விட்டால் விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருக்கிறது. தெர்மாமீட்டரில் 37. ஹீட்டரின் திருகு 28இல்தான் நிற்கிறது, விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. 20க்குத் திருப்பினேன், அப்போதும் அணையவில்லை. உள்ளே, சூடு ஏறியதும் அணைக்க வேண்டிய தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீர் சூடானால் ஆக்சிஜனும் குறையும். நாலு மிதந்தன, ஒன்று கட்டைக்கடியில் கறுத்துக் கிடந்தது. காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் பக்கத்தில் ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது.

அன்றிரவே வீடியோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. திங்கள் நேரில் போனால், "உங்க ஏரியா வோல்டேஜ் அப்படி தம்பி." செவ்வாய், "ஏஜென்ட் வரட்டும், மாத்தித் தர்றேன்." புதன், "மீனுக்கெல்லாம் யாருங்க கியாரண்டி கொடுப்பாங்க?" தம்பி போய் 'ங்க' வந்துவிட்டது. துண்டுச் சீட்டு பில்லில் 'அக்வாரியம் சாமான் 2,800' என்று மட்டும் இருக்கிறது. 15,300 ரூபாய்க்கு என் கையில் இருப்பது அந்தச் சீட்டுதான்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமையில்லை. பெரிய தொட்டிக்கு ஒரே பெரிய ஹீட்டர் வேண்டாம், சின்னதாக இரண்டு போடுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் அவ்வளவு வேகமாகக் கொதிக்காது. சூடு ஏறினால் ஹீட்டருக்குக் கரண்டை நிறுத்தும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒன்று வெளியே தனியாக அவசியம். புது ஹீட்டரை ஒரு நாள் பக்கெட்டில் ஓட்டி, அணைகிறதா என்று பாருங்கள். பில்லில் மாடல் எழுதி வாங்குங்கள். தண்ணீர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இதை எழுதும்போது மறுபடி போன் போட்டேன். கடைப் பையன் எடுத்தான். "அண்ணன் சாப்பிடப் போயிருக்காருங்க." மணி காலை பதினொன்று.