லைலா: 1970-ஆ, 1992-ஆ?

பிரிட்டிஷ் ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ‘லைலா’ பாடலை இரண்டு விதமாகப் பதிவு செய்திருக்கிறார். 1970, 1992 இரண்டில் எது மேல் என்று கேட்டால், யோசிக்காமல் 1970-ஐத்தான் சொல்வேன்.

நெருங்கிய நண்பர், பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி பாட்டி பாய்ட் மீது அப்போது கிளாப்டனுக்குக் காதல். லைலா என்ற பெயர் பாரசீகக் கவிஞர் நிஜாமியின் லைலா மஜ்னூன் காவியத்திலிருந்து வந்தது. டெரிக் அண்ட் தி டாமினோஸ் குழுவோடு மயாமியில் பதிவானது. எடுத்த எடுப்பிலேயே கிட்டார் அலறும். பல்லவியில் கிளாப்டனின் குரல் கிட்டத்தட்ட உடைந்துவிடும். அப்புறம் சட்டென்று பியானோ. அதன்மேல் டுவேன் ஆல்மனின் ஸ்லைடு கிட்டார் மிதந்துகொண்டே போகும். மொத்தம் ஏழு நிமிடம். ஆனால் அன்று இந்தப் பாடல் இருந்த ஆல்பம் சரியாகப் போகவில்லை. குழுவின் பெயருக்குப் பின்னால் இருப்பது கிளாப்டன் என்பது பலருக்குத் தெரியாது. 1972-ல் முழுப் பாடலும் தனி ரெக்கார்டாக வந்தபிறகுதான் ஹிட் பட்டியலில் அமெரிக்காவில் 10-வது இடம், பிரிட்டனில் 7-வது இடம்.

1992-ல், மின்சாரக் கிட்டார் இல்லாமல் பாடும் எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சிக்காக அக்கூஸ்டிக் கிட்டாரில் நிதானமாகப் பாடினார். பியானோ பகுதி கிடையாது. என்ன பாட்டு என்று புரிய ரசிகர்களுக்கே கொஞ்ச நேரம் ஆகிறது. புரிந்ததும் ஒரே கைதட்டல். இதற்குள் பாட்டி பாய்டை மணந்து, விவாகரத்தும் ஆகிவிட்டது. கெஞ்ச வேண்டிய வரிகளை அலட்டாமல் பாடுகிறார். கேட்க இதம், சரி, ஆனால் தவிப்பு எங்கே? சிறந்த ராக் பாடலுக்கான கிராமி என்னவோ இதற்குத்தான் கிடைத்தது, அதுவும் நிர்வாணா ராக் குழுவைத் தோற்கடித்து!