கல்லடி வீட்டில் ஆறு மாதம்: மேற்கையில் கட்டும் பிரஷர் மெசின்

மட்டக்களப்பு நகரத்து மருந்துக்கடை ஒன்றில், பத்தாயிரம் ரூபாவுக்குச் சற்று மேற்பட்ட விலைக்கு, மேற்கையில் கட்டிப் பார்க்கும் டிஜிட்டல் பிரஷர் மெசின் ஒன்றை அம்மாவுக்காகக் கடந்த கார்த்திகையில் வாங்கினேன். கிளினிக்கில் அளக்கும்போதெல்லாம் அவருக்கு 150ஐத் தாண்டிக் காட்டியதால், வைத்தியசாலைக்கு வந்த பதற்றமும் அதில் சேர்ந்திருக்கலாம் என்று கூறிய டொக்டர், வீட்டிலும் அளந்து எழுதிக்கொண்டு வரும்படி சொல்லியிருந்தார்.

இந்த மெசினின் பெறுமதி எனக்கு விளங்கியது ஒரு மழை இரவில்தான். தாழமுக்கம் கரையை நெருங்குவதாக வானொலி அறிவித்துக்கொண்டிருக்க, 2004 டிசம்பர் 26 சுனாமியன்று கடற்கரைப் பக்கமிருந்து ஓடித் தப்பிய அம்மா, கடல் இரையும் திசையையே பார்த்தபடி கட்டிலில் அமர்ந்திருந்தார். உள்ளங்கை குளிர்ந்து வியர்த்திருந்தது. நா வறண்டு இரண்டு முறை தண்ணீர் கேட்டார். பட்டியைக் கட்டி அழுத்தியபோது கை நடுங்கியதால் மெசின் பிழைக் குறியைக் காட்டி நின்றுவிட்டது. மறுமுறை 164க்கு 96 என்றும், துடிப்பு 108 என்றும் காட்டியது. நான் பதறிப்போனேன். "பொறு புள்ள, மூச்சு ஆறட்டும், மறுகா கட்டு" என்றார் அம்மா. கால் மணித்தியாலம் கழித்து அதே கையில் 136க்கு 84, துடிப்பு 78.

அந்தக் கால் மணித்தியாலத்துக்குள் நடந்தது உடலின் பழைய தற்காப்பு வேலை. ஆபத்தென்று மூளை உணர்ந்த கணமே பரிவு நரம்புத்தொகுதி தூண்டப்பட, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அதிரினலினைக் குருதியில் விடுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, ஈரல் சீனியை வெளியேற்றுகிறது, தோலிலும் குடலிலும் உள்ள சிறு குருதிக்குழாய்கள் சுருங்கி, ஓடுவதற்குத் தேவையான தசைகளுக்குக் குருதி திருப்பப்படுகிறது. கை குளிர்வதும், உண்ட சோறு வயிற்றில் கல்லாகக் கிடப்பதும் இதனால்தான். கோட்டிசோல் என்னும் ஓமோன் சற்றுத் தாமதித்தே ஏறும்; யோசனை நாட்கணக்கில் நீடித்தால் அதுவும் தணியாமல் நின்று, நித்திரையையும் சீனியின் அளவையும் குலைத்துவிடும்.

மெசினின் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது. டொக்டர் குழாயைக் காதில் வைத்துக் கேட்பது, 1905இல் ரஷ்ய வைத்தியர் கொரொட்கொவ் விவரித்த, கை நாடியில் எழும் ஒலியை. இந்த மெசினோ நாடித் துடிப்பு பட்டியில் எழுப்பும் சிற்றதிர்வுகளைக் கொண்டு கணக்கிடுவதால், கை நடுங்கினாலோ, துடிப்பு ஒழுங்கற்றிருந்தாலோ தடுமாறுகிறது. அதாவது, மனிதர் மிகவும் பதறியிருக்கும் வேளையில்தான் அது நம்பிக்கை குறைந்ததாகிறது. கூடவே வந்த பட்டி 22 முதல் 32 சென்றிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கு மட்டுமே பொருந்தும். பருத்த கைக்குச் சிறிய பட்டியைக் கட்டினால் அளவு கூடிக் காட்டும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. வாங்குமுன் கையை அளந்துகொண்டு போவது அவசியம்.

ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்திருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்தால் மெசின் ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. தேநீர் குடித்து அரை மணித்தியாலமாவது கழிந்திருக்க வேண்டும். வீட்டில் சராசரி 135க்கு 85ஐத் தொடர்ந்து தாண்டினால் டொக்டரிடம் காட்ட வேண்டும். நெஞ்சுவலியோடோ, பேச்சுக் குழறலோடோ 180க்கு 120ஐத் தாண்டினால் மறுபடி அளந்துகொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மெசினின் நினைவகத்தில் நேரமும் எண்ணும் பதிகின்றனவே தவிர, காரணம் பதிவதில்லை. அதற்காக ஒரு கொப்பி போட்டு, எண்ணுக்கு எதிரே "மழை", "நித்திரை இல்லை", "தம்பி போன் எடுக்கவில்லை" என்று அம்மா தன் கையாலேயே எழுதி வருகிறார். சென்ற கிளினிக்கில் டொக்டர் அந்தக் கொப்பியைக் கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டு, மருந்தின் அளவைக் கூட்டாமல் எழுதிக்கொடுத்தார்.