தரங்கம்பாடியில் தங்க ஒரு முற்றத்து வீடு

கோட்டையைப் பார்த்து, கடலோரம் நின்று படம் எடுத்து, அப்படியே திருக்கடையூர் அபிராமியையும் கும்பிட்டுவிட்டு அன்றே ஊர் திரும்புகிறவர்களுக்கு இந்த விடுதி தேவையில்லை. நாலு நாள் ஊர்க்காரர் மாதிரி இருந்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சரியாக இருக்கும். நான் அம்மாவோடு போய்த் தங்கினேன்.

நகர வாயிலுக்கு உள்ளே, ராஜ வீதியிலிருந்து கொஞ்சம் தள்ளிய தெருவில் பழைய ஓட்டு வீடு. வாசலில் ‘டேனிஷ் காலத்து மாளிகை’ என்று பலகை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் விசாரித்தால் அவரே சிரிக்கிறார். “திண்ணையும் முற்றமும் வெச்சு எந்த டேனிஷ்காரன் சார் வீடு கட்டினான்? இது நெல் வியாபாரி வீடு.” அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு இதையே எழுதி வைக்கலாம். முற்றத்துத் தூண்களும், மதியத்திலும் சூடேறாத சுண்ணாம்புச் சுவரும் போதாதா?

டேனிஷ்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் டென்மார்க் அரசரின் முத்திரை, உள்ளே சீகன்பால்குவின் கல்லறை. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் ஏற்றியவர் அவர். இத்தனையையும் 1845-இல் வங்காளத்து செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு இதெல்லாம் அவ்வளவாகப் பிடிபடவில்லை. அவருக்குப் பிடித்தது மாசிலாமணிநாதர் கோயில்தான். 1306-இல் பாண்டியர் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

சாப்பாட்டுக்கு முழு மதிப்பெண். காலையில் ஃபைபர் படகு கரையேறியதும் அண்ணன் போய் மீன் வாங்கி வருவார், அவர் மனைவி சமைப்பார். நாங்கள் போனது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆகவே வஞ்சிரம் கேட்காதீர்கள். கிடைத்த சங்கராவை மாங்காய் கீறிப் போட்டு மண்சட்டியில் குழம்பு வைத்தார் அக்கா. ராத்திரி வைத்ததை மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றினார் பாருங்கள், அம்மா நாலாவது இட்லி கேட்டு வாங்கினார், வீட்டில் இரண்டுதான். மீன் விலையை வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

குறைகளும் உண்டு. குழாய்த் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. குடிக்கக் கேன் தண்ணீர் வைக்கிறார்கள், ஆனால் தீர்ந்தால் நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். எங்கள் அறைத் தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருப்பிடித்து, உள்ளே ஒருவர் இழுக்க வெளியே ஒருவர் தள்ளினால்தான் திறந்தது. கொசுவலை கிடையாது. இந்த வாடகைக்கு அதைக்கூடத் தராதது கொஞ்சம் அநியாயம்தான்.

மயிலாடுதுறையிலிருந்து ரயில் நின்று பல காலம் ஆகிறது; பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகும். சனி, ஞாயிறு வேண்டாம், கார்கள் வந்து தெருவை அடைத்துவிடும். வார நாளில் வாடகையும் குறைவு. முற்றத்தை ஒட்டிய கீழறையைக் கேட்டு வாங்குங்கள். மாடி அறையில் ஓட்டுச் சூடு இறங்குகிறது.